ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு போனில் நீ கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மாமா பக்கத்தில் இருந்தார், நீ வேறு அழுகிற குரலில் பேசினாய். "பத்தாவதுல இவ்வளவு மார்க் எடுத்துட்டு ஐ.டி.ஐ.ல மெக்கானிக் படிக்கப் போறேங்கறான், தாய்மாமன் நீயும் தலையாட்டறியே" என்றாய். வாட்ஸாப்பில் எழுதினால் பாதியில் விட்டுவிடுவாய். இந்தப் பேச்சு இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். பையன் பெயரை எங்கும் போடவில்லை, கவலைப்படாதே.

என் கார் விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் எலி பானெட்டுக்குள் புகுந்து குடித்தனம் நடத்திவிட்டது. ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினால் ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டியரிங் என்று டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள், வரிசையாகக் கோளாறு எண்கள் வந்தன. வயரிங் ஹார்னஸ், அதாவது வண்டிக்குள் ஓடுகிற வயர் கட்டு, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். லேபரோடு சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஏர்பேக் வயரை வெட்டி ஒட்டி ஏதாவது விபரீதம் ஆனால் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அந்த அரை நாளை எந்தத் தலைப்பில் பில் போடுவது? ஹார்னஸுக்குப் பார்ட் நம்பர் இருக்கிறது, விலை இருக்கிறது, மாற்ற இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் இருக்கிறது. தேடுவதைவிட மாற்றுவது அவர்களுக்குச் சுலபம். சுலபத்துக்கான விலையை நாம் கொடுக்கிறோம்.

கடைசியில் வண்டியைக் கோவையில் கணபதி பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஆறாவது பின்னிலும் பதினாலாவது பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தார். 120 ஓம் காட்டியது. "அறுபது வரணும் சார், எங்கயோ ஒரு பக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

அக்கா, இது நீ வருடாவருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம். காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்களெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, முறுக்கிவிட்ட ஒரு ஜோடி வயர் வழியாக. கேன் பஸ் என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒன்று இருக்கும். பக்க இணைப்பில் இரண்டு 120 சேர்ந்தால் 60. மீட்டர் 120 என்று காட்டினால் ஒரு முனை துண்டாகிவிட்டது என்று அர்த்தம். நீ கரும்பலகையில் எழுதிப்போடும் அதே கணக்கை அந்த மனிதர் தரையில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் போட்டார். அப்புறம் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, எந்தத் துண்டில் கோளாறு என்று சுருக்கிக்கொண்டே போனார். பேட்டரி தட்டுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத மூலையில் எலி கடித்திருந்தது. ஏர்பேக் வயருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் விளக்கு எரிந்ததும் இதனால்தான். வயரைப் பழைய மாதிரியே முறுக்கி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடினார்.

7,000 ரூபாய் கேட்டார். பொருள் செலவு நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது, மீதியெல்லாம் தேடியதற்குத்தான். பேரம் பேசாமல் கொடுத்தேன். எனக்குப் பின்னால் நான்கு வண்டிகள் நின்றிருந்தன.

ரிப்பேர் செலவு ஏறியதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வண்டிகளில் சென்சார்கள் இன்னும் கூடிவிட்டன, டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, நல்லதுதான். ஆனால் மாற்றவே தேவையில்லாத பாகத்தை மாற்றினால் வரி குறைந்து என்ன பயன்? பாகத்தை மாற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். மாப்பிள்ளை அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவனாக முடியும் என்று நினைக்கிறேன். போன தடவை வந்தபோது உன் மிக்ஸியைப் பிரித்துப் போட்டதற்கு நீ அவனைத் திட்டினாய். அவன் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எங்கிருந்து எடுத்தது என்று தாளில் குறித்து வைத்திருந்தான், அதை நீ பார்த்தாயா?

சரி, இருட்டான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். சின்ன ஷெட்டுகளில் பி.எஃப். கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. முதல் வருடம் நட்டு கழுவுவதும் டீ வாங்கிவருவதுமாகப் போகலாம். நாற்பது வயதில் முதுகும் முட்டியும் பேச ஆரம்பிக்கும். கல்யாணச் சந்தையில் "பையன் என்ன பண்றான்" என்ற கேள்வி வரும்போது உனக்குத் தொண்டை அடைக்கும். இந்தக் கடைசிக் கவலைதான் உனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிசு என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஆட்கள் பேசத்தான் செய்வார்கள்.

நம் கோவை விஞ்ஞானி ஜி.டி. நாயுடுவை உதாரணம் காட்டி உன் வாயை அடைக்கவும் மாட்டேன். அவரைப் போல ஊருக்கு ஒருவர் பிறப்பதில்லை. ஆனால் ஒன்று. பிளஸ் டூ முடித்து இவன் ஜி.சி.டி.யில், அதான் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில், சேர வேண்டும் என்று கனவு காண்கிறாய் அல்லவா, 1945-ல் அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அந்தக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவரே அவர்தான். நான்கு வருடப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, கல்லூரி முதல்வர் பொறுப்பை விட்டு விலகினார். அவினாசி ரோட்டில் அவர் பெயரிலேயே மேம்பாலம் கட்டியிருக்கிறோம், தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாய். அவர் சொன்னதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ நினைப்பது போல ஐ.டி.ஐ. ஒன்றும் திரும்ப முடியாத சந்து இல்லை. மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். அரசு ஐ.டி.ஐ. என்றால் சம்பளம் கட்ட வேண்டாம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். முடித்துவிட்டுத் தமிழ், ஆங்கிலம் மொழித்தேர்வு எழுதினால் பிளஸ் டூவுக்கு இணை. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். உன் கனவு செத்துப்போகவில்லை, சுற்று வழியில் போகிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அவன் மோட்டார் மெக்கானிக்கைவிட மின்வாகன மெக்கானிக் பிரிவைப் பார்க்கலாம். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து அரசு மேம்படுத்தியதே, அப்போது வந்த புதுப் பிரிவுகளில் இதுவும் ஒன்று. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற கேபிள் ஓடும், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். ஷெட்டில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை அது. கை தவறினால் ஆள் இருக்கமாட்டான். முறையாகப் படித்தவனைத்தான் தொடவிட வேண்டும்.

அவனிடமும் இரண்டு விஷயம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷை விடக் கூடாது, ஏனென்றால் வயரிங் டயகிராமும் சர்வீஸ் மேனுவலும் அதில்தான் வருகின்றன. படித்து முடித்த உடனே சொந்த ஷெட் என்று கிளம்பக் கூடாது, நல்ல ஆளிடம் சில வருடமாவது தொழில் பழக வேண்டும். சரி மாமா என்றான். எவ்வளவு காதில் ஏறியதோ தெரியாது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். கடைசித் தேதி வரைக்கும் இழுக்காதே. சனிக்கிழமை உனக்கு லீவுதானே, மாமாவையும் கூட்டிக்கொண்டு வா, மூன்று பேருமாக ஐ.டி.ஐ.க்கே போய்ப் பார்ப்போம். ஒர்க்‌ஷாப்பில் ஓடுகிற எஞ்சின் இருக்கிறதா, இல்லை கண்ணாடிப் பெட்டிக்குள் வெட்டிவைத்த எஞ்சின் மட்டும்தானா, பயிற்சி அலுவலர் இடம் காலியாகக் கிடக்கிறதா, போன வருடம் முடித்த பையன்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்றெல்லாம் கேள். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறவர்கள் உன்னைக் குடைகிற மாதிரியே குடைந்து கேள். பதில் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பாலிடெக்னிக் பற்றிப் பேசுவோம், அதற்கும் நான் தயார்.

அன்புடன்,
உன் தம்பி