தையல் தாங்குமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். "இரண்டு சிசேரியனுக்குப் பிறகு மூன்றாவது குழந்தையைச் சுகப்பிரசவமாகப் பெற முடியுமா அக்கா? இல்லை, நான் வீணாக ஆசைப்படுகிறேனா? தையல் தாங்குமா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 17 ஆண்டுகள் பிரசவ அறையில் செவிலியராக நின்றவள் என்ற முறையிலும், மூன்று முறை அறுவை மேசையில் படுத்து எழுந்தவள் என்ற முறையிலும் உன்னிடம் சொல்ல வேண்டியவை நிறைய இருப்பதால், உன் சம்மதத்தோடு, உன் பெயரை மட்டும் விட்டுவிட்டு, இங்கே எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உன் ஆசை வீண் ஆசை அல்ல. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறி இரண்டு முறை சிசேரியன் ஆன பெண், வேறு தடை எதுவும் இல்லையென்றால், மூன்றாவது முறை வலி கண்டு பெற முயல்வது நியாயமானதே என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி தன் வழிகாட்டுதலில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதேபோன்ற பிரிட்டன் மருத்துவர் அமைப்பான ராயல் கல்லூரியும், அனுபவம் மிக்க மகப்பேறு மருத்துவர் ஒருவர் நேரில் பேசி விளக்கிய பிறகு, இந்த வாய்ப்பை அத்தகைய பெண்களுக்கு அளிக்கலாம் என்கிறது. ஆனால் "கீழ்ப்பகுதியில் குறுக்காக" என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது உனக்குப் பொருந்துமா என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் இரண்டு ஆபரேஷன் குறிப்புகளுக்கு மட்டுமே தெரியும்.

வயிற்றில் தெரியும் தழும்பு குறுக்காக இருக்கிறது என்று நீ சொன்னாய். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. வெளியே தோலில் குறுக்காகக் கீறியிருந்தாலும், உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்காகக் கீறியிருக்க முடியும். குறிப்பாகக் குறைமாதத்திலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வழியை மறித்திருந்தாலோ அப்படிச் செய்ய நேரும். குறுக்காகத் தொடங்கிய கீறல் போதாமல் மேல்நோக்கி நீட்டப்படுவதும் உண்டு. இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள். பிரசவ வலியின்போது சுருங்கி உந்தித் தள்ளுவது கர்ப்பப்பையின் மேல்பகுதியில் உள்ள தடித்த தசை. கீழ்ப்பகுதியோ மெல்லியதாகி, விரிந்து வழிவிடும் பகுதி. உழைக்கும் தசையில் விழுந்த தழும்பு ஒவ்வொரு வலிக்கும் இழுபடும். மேல்பகுதியில் நெடுக்குக் கீறல் உள்ளவர்களில் 100 பேருக்கு 4 முதல் 9 பேர் வரை கர்ப்பப்பை பிளவுபடும் ஆபத்தைச் சந்திக்கிறார்கள். வலி தொடங்குவதற்கு முன்பே கூட அது நேரலாம் என்பதால், அவர்களுக்கு 36 அல்லது 37-ஆம் வாரத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்துவிடுகிறார்கள். அவர்களை வலி காண விடுவதில்லை. விடவும் கூடாது.

"ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதுமே சிசேரியன்தான்" என்று உன் மாமியாரும் உன் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே குரலில் சொன்னதாக வருத்தப்பட்டாய். அந்த வாக்கியத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1916-இல் எட்வின் கிரேகின் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது அது. அன்று கர்ப்பப்பையை மேலே நெடுக்காகத்தான் கீறினார்கள். அதனால் அந்தக் காலத்துக்கு அது சரியான எச்சரிக்கை. அவர் அதை எழுதியதும் முதல் சிசேரியனை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொல்லத்தான். கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை பரவலானது அதற்குப் பிறகே. கீறும் முறை மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது.

ஆகவே உன் முதல் வேலை இரண்டு மருத்துவமனைகளிலிருந்தும் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குவது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும், அது போதாது. கர்ப்பப்பை எப்படிக் கீறப்பட்டது, கீறல் பக்கவாட்டில் கிழிந்து நீண்டதா, எந்தக் காரணத்துக்காக அறுவை செய்யப்பட்டது, பின்னால் காய்ச்சலோ கிருமித்தொற்றோ வந்ததா என்பவை தெரிய வேண்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்றவர்களின் கோப்புகளை ஆண்டுக்கணக்கில் பக்கம் பக்கமாகப் புரட்டிய நான், என் முதல் அறுவையின் குறிப்பை மூன்றாவது கர்ப்பம் வரை கேட்டு வாங்கவில்லை. கேட்டபோது அந்த மருத்துவமனையில் தேடி எடுக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் நான் எதை நம்பி எதைத் தீர்மானிப்பது என்று தெரியாமல் தவித்தேன். உனக்கு இப்போது ஐந்தாம் மாதம் என்பதால் நேரம் இருக்கிறது. இந்த வாரமே தொடங்கு.

உன் வரலாற்றில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று இருக்கிறது. உன் மூத்தவன் தலை மேலாக இருந்ததால் முதல் அறுவை. இரண்டாவது, முதலாவது நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக நாள் குறித்துச் செய்தது. அதாவது உன் கர்ப்பப்பை இதுவரை ஒரு பிரசவத்தைத் தொடங்கி, அதில் தோற்றதில்லை. தொடங்க அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. குழந்தை தலை மேலாக இருந்தது போன்ற காரணம் ஒவ்வொரு முறையும் திரும்ப வருவதல்ல. என்னைப் போல, கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்து அதற்கு மேல் நகராமல் நின்றுபோனவளுக்கு வாய்ப்பு சற்றுக் குறைவு. பொதுவாக முயல்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேர் பெற்றுவிடுகிறார்கள். இரண்டு சிசேரியன் ஆனவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் வெற்றி 71 விழுக்காட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முன்பு ஒரு முறையாவது இயல்பாகப் பெற்றவர்களுக்கு 85-க்கும் மேலே போகிறது. அந்தச் சாதகம் உனக்கு இல்லை. வலி தானாக வருவது, குழந்தையின் எடை நான்கு கிலோவைத் தாண்டாமல் இருப்பது, தாயின் உடல் எடை மிகையாக இல்லாதது ஆகியவை உதவும்.

இனி நீ பயந்து பயந்து கேட்ட இடத்துக்கு வருகிறேன். தையல் பிரிவது என்பது உண்மையான ஆபத்து, அதை மழுப்ப மாட்டேன். ஒரு சிசேரியனுக்குப் பின் வலி காண்பவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பை பிளவுபடுகிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களிடம் பெரிய ஆய்வுகள் கண்ட அளவு 100-க்கு 0.9 முதல் 1.8 வரை. வலி காணாமல் முன்கூட்டியே நாள் குறித்து அறுவை செய்துகொள்பவர்களிடம் அது 10,000-த்தில் இரண்டு அளவுக்கே. பிளவு நேர்ந்தால் நிமிடங்கள் முக்கியம். குழந்தைக்கு ஆக்சிஜன் தடைபடலாம், தாய்க்குப் பெருமளவு ரத்தம் போகலாம், சில நேரங்களில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். நூறில் 98 பேருக்கும் அதிகமானோருக்கு இது நேர்வதில்லை என்பதும், நேரும் அந்த ஒருவருக்கு நூறு விழுக்காடு நேர்கிறது என்பதும் ஒருசேர உண்மை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடிந்தால் மட்டும் இந்த வழியில் போ.

ஆனால் தராசின் மறுதட்டு காலியாக இருக்கிறது என்று யாரும் உன்னை நம்பவைக்க விடாதே. மூன்றாவது அறுவைக்கும் அதன் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே சதை ஒட்டிக்கொள்வது கூடும், சிறுநீர்ப்பை காயப்படும் வாய்ப்பு கூடும். எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் படர்ந்து சதைக்குள் வேர்விடுவது. 2006-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்து இருந்தவர்களில் இப்படி வேர்விட்டது முதல் சிசேரியனில் 100-க்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. அதனால் உன் அடுத்த ஸ்கேனில் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி "நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது? பழைய தையலின் மேல் இருக்கிறதா?" என்பதுதான். அது முன்பக்கமாகக் கீழே இறங்கித் தழும்பை மூடியிருந்தால், நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தத் தேர்வே உனக்கு இல்லை. எந்த மருத்துவமனையில் அறுவை செய்வது என்பதே கேள்வியாகிவிடும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உங்கள் இருவருக்கும் இருக்கிறதா என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இதுவே கடைசி என்றால் ஒரு கணக்கு, இல்லையென்றால் வேறு கணக்கு.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. அதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சிக்கல்கள் மிகக் குறைவாக வருவது முயன்று வெற்றி பெற்றவர்களுக்கு; மிக அதிகமாக வருவது முயன்று, பல மணி நேரம் வலி கண்டு, பிறகு அவசரமாக அறுவைக்குப் போனவர்களுக்கு. திட்டமிட்ட அறுவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் வெற்றி வாய்ப்பைக் கணிப்பதில் இவ்வளவு அக்கறை காட்டச் சொல்கிறேன்.

என் கதையை நீ பாதிதான் அறிவாய். மூன்றாவது முறை 39-ஆம் வாரத்தில் எனக்குத் தானாக வலி வந்தது. இதயத்துடிப்பை இடைவிடாமல் காட்டும் கருவியை வயிற்றில் கட்டியிருந்தார்கள். ஆறாவது மணி நேரத்தில் துடிப்பு விழத் தொடங்கியது. முதலில் வலியோடு விழுந்து வலியோடு ஏறியது, பிறகு வலி ஓய்ந்த பின்னும் ஏற மறுத்தது. அடிவயிற்றில், பழைய தையல் இருக்கும் இடத்தில், இரண்டு வலிகளுக்கு நடுவே ஓய வேண்டிய நேரத்திலும் ஓயாத ஒரு குத்தல். அது பிரசவ வலி அல்ல என்று எனக்குத் தெரிந்தது. சொன்னேன். சொன்ன உடனே அவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள், அதுதான் என் மகளைக் காப்பாற்றியது. அறுவை அரங்கு அதே தளத்தில், மயக்க மருத்துவர் கட்டடத்துக்குள்ளேயே, ரத்தம் முன்கூட்டியே பொருத்திப் பார்த்துத் தயாராக. திறந்து பார்த்தபோது தையல் பிரிந்து, மேலே ஒரு மெல்லிய சவ்வு மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. குழந்தை அழுதாள். அந்த மருத்துவமனையில் என்றால் நான் மறுபடியும் அதே முடிவைத்தான் எடுப்பேன். அப்படியொரு ஏற்பாடு இல்லாத இடத்தில் என்றால், ஒருபோதும் முயல மாட்டேன்.

எனவே மருத்துவரிடம் "முடியுமா, முடியாதா" என்று கேட்பதோடு நிறுத்தாதே. நள்ளிரவிலும் அறுவை அரங்கு திறந்திருக்குமா, மயக்க மருத்துவர் அங்கேயே இருப்பாரா, அழைத்து வரவழைக்க வேண்டுமா, ரத்தம் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும், பிரசவம் முழுவதும் குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிப்பார்களா, இரண்டு சிசேரியனுக்குப் பின் இங்கே எத்தனை பேர் முயன்றிருக்கிறார்கள் என்று கேள். வலி வரவில்லையென்றால் என்ன செய்வார்கள் என்றும் கேள். வலி வரவைக்கும் மருந்துகளில் மிசோப்ரோஸ்டாலை இந்த நிலையில் உனக்குத் தரவே கூடாது; ஆக்ஸிடோசின் சொட்டு ஏற்றுவதும் பிளவின் ஆபத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. "வலி தானாக வந்தால் முயல்வோம், 40 வாரம் கடந்தும் வராவிட்டால் மீண்டும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம்" என்று சொல்லும் மருத்துவர் எனக்கு நம்பிக்கை தருகிறார். "பயப்படாதே, எல்லாம் சுலபம்" என்பவரிடமும், காரணம் சொல்லாமல் முடியாது என்பவரிடமும் எனக்கு ஒரே அளவு தயக்கம்தான். வலி குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி வேண்டாம் என்று யாராவது பயமுறுத்தினால், அது தடை செய்யப்பட்டதல்ல என்று தெரிந்துகொள். ஆனால் ஊசி போட்டும் அடங்காமல் ஓரிடத்தில் வலித்தால் உடனே சொல்ல வேண்டும். வலி தொடங்கினாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் அப்போதே கிளம்பிவிடு.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விலகிச் சொல்கிறேன். நம் மொழி ஒரு வகைப் பிரசவத்துக்கு மட்டும் "சுகப்பிரசவம்" என்று பெயர் வைத்துவிட்டது. உன் குரல்பதிவில் "நான் இன்னும் ஒன்றைக்கூடச் சரியாகப் பெறவில்லை" என்று சொன்னாய் அல்லவா, அந்தச் சொல் உன் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. உன் இரண்டு பிள்ளைகளையும் நீ சரியாகத்தான் பெற்றாய். விட்டுப்போன எதையோ ஈடுகட்டுவதற்காக இந்த மூன்றாவது முயற்சியில் இறங்காதே. மீண்டெழும் நாட்கள் குறையும், வீட்டிலிருக்கும் இரண்டு சிறுவர்களையும் சீக்கிரம் தூக்க முடியும், தையல் ஒன்று குறையும் என்பவை போதுமான காரணங்கள். பாதி வழியில் அறுவைக்குப் போக நேர்ந்தால் அதைத் தோல்வி என்று எண்ணாமல் கையெழுத்திட முடியுமா என்று, வலி இல்லாத இந்த அமைதியான நாட்களிலேயே உன்னைக் கேட்டுப் பார். அன்றைக்கு அந்த அறையில் உன்னோடு நிற்கப் போகிறவரிடமும் அதைச் சொல்லி வை.

முதல் மருத்துவமனையில் பழைய கோப்பு கேட்கும்போது சேர்த்த தேதியையும் உன் பதிவு எண்ணையும் எழுதிக்கொண்டு போ, தேடுவது எளிதாகும். குறிப்புகள் வந்ததும் படமெடுத்து அனுப்பு. கையெழுத்து புரியாவிட்டால் கவலைப்படாதே, எனக்குப் பழக்கம்தான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளைச் சொன்னால், விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா