புளி போட்டு மினுக்கிய நட்சத்திரங்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அப்பப்பாவின் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் மூன்றும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கி, உவர்மலை வீட்டுச் சுவரில் ஏறிவிட்டன. இதற்காக மெனக்கெட்ட எவரும் கூலி வாங்கவில்லை. கடிதத்தையாவது மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. எங்கள் குடும்பப் பெருமையை அரை மணி நேரத்தில் உடைத்துப் போட்டீர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன; அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மீஸ்’ விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. அப்பப்பா அந்தக் கப்பலில் இருந்தார், நீந்திக் கரை சேர்ந்தார், அதற்குத்தான் பதக்கம் என்று பெரியப்பா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். நீங்களோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவருடைய சேவைச் சான்றிதழில் சேர்ந்த ஆண்டு 1943 என்றிருப்பதை விரல் வைத்துக் காட்டினீர்கள். இலங்கை றோயல் கடற்படைத் தொண்டர் சேமப்படையில் அவர் ஸ்டோக்கர்: கண்ணிவெடி வாரும் கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அந்தப் படையின் சிறு கப்பல்கள் துறைமுக வாயிலைக் காத்ததோடு, பின்னாளில் பர்மாவின் ஆக்யாப் வரைக்கும் போயிருக்கின்றன என்பதும் உங்களிடம் கேட்டறிந்ததுதான்.

யோசித்துப் பார்த்தால், அப்பப்பா ஒருநாளும் ஹெர்மீஸ் கதையைச் சொன்னதில்லை. அது பிள்ளைகள் கட்டியது.

பதக்கங்களின் கணக்கையும் சொல்லித் தந்தீர்கள். 1939–45 நட்சத்திரம் என்ற பதக்கம் தனிப்பட்ட வீரச் செயலுக்கானதன்று. கடற்படையினருக்குப் பொதுவாக 180 நாள் சேவை வேண்டும். அதை முடித்த பிறகே வங்காள விரிகுடாப் பணிக்குரிய பர்மா நட்சத்திரம். மூன்றாவதான போர்ப் பதக்கத்துக்கு 28 நாள் போதும். நம் ஊர் வெயிலில் கொதிகலன் முன்னால் 180 நாள் நின்றவருக்கு நீச்சல் கதை வேறு எதற்கு?

அடுத்து, நகைப் பத்தருக்கு. அப்பம்மா பொங்கலுக்குப் பொங்கல் குத்துவிளக்கோடு சேர்த்து நட்சத்திரங்களையும் புளி போட்டு மினுக்குவார். நடுவிலிருக்கும் அரசரின் முத்திரையெழுத்து பாதி தேய்ந்துவிட்டது. இன்னும் பளபளப்பாக்கித் தரும்படி கேட்டுத்தான் நான் வந்தேன். மாட்டேன் என்று சொல்லி, தூசியை மட்டும் துடைத்துத் தந்தீர்கள். பின்புறத்தில் பெயர் வெட்டவும் கேட்டேன். பிரித்தானியா அவற்றைப் பெயரில்லாமலே வழங்கியது என்று ஐயா சொன்னதால், அந்தப் பிழையிலிருந்தும் தப்பினேன்.

தையல்கடை அக்கா, 1939–45 நட்சத்திரத்தின் நாடாவைத் தலைமாற்றித் தைத்தவன் நான். கருநீலம் கடற்படைக்கு, சிவப்பு தரைப்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு. பார்ப்பவரின் இடப்பக்கம் கருநீலம் வர வேண்டும். முகம் சுளிக்காமல் பிரித்து மறுபடி தைத்தீர்கள்.

பெரியப்பா மட்டும் இன்னும் ஹெர்மீஸை விட்டு இறங்கவில்லை. ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வாருங்கள். அந்தச் சான்றிதழை எடுத்து வைக்கிறேன்.

இங்ஙனம்,
ஸ்டோக்கரின் பேரன்,
திருகோணமலை