ஐயாவுக்கு ஒரு கோணல் கிண்ணம்

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். நீங்களும் சுகமாய் இருக்க நல்லூரான் துணை. நாள் தவறாமல் போனில கதைக்கிறனாங்கள், பிறகென்ன கடிதம் எண்டு அம்மா கேப்பா. போனில சொல்ல வெளிக்கிட்டா ஐயா "சரி, சாப்பிட்டியோ?" எண்டு கதையை முடிச்சுப்போடுவார். இது கொஞ்சம் நீளமான கதை. மற்றது, உங்களுக்கு ஒளிச்சு ஆறு மாதமாய் ஒரு வேலை செய்யிறன். கோவிக்கக் கூடாது.

சனிக்கிழமையளில மரம் கடையப் பழகுறன்.

ஓம் ஐயா, கடைச்சல்தான். "உளி என்னோட போகட்டும், நீ புத்தகத்தைப் பிடி" எண்டு பட்டறையால கலைச்சு விட்டியள். இப்ப மணித்தியாலக் கணக்கில காசு கட்டி இன்னொருத்தற்ற பட்டறையில போய் நிக்கிறன். சிரிக்கிறதெண்டாச் சிரியுங்கோ.

பட்டறை பீனியாப் பக்கம், தகரக் கொட்டகை, நாலு லேத். பழக்குறவருக்குச் சொந்த ஊர் சென்னபட்டணா. எல்லாரும் மேஷ்ட்ரு எண்டுதான் கூப்பிடுறது, கன்னடத்தில வாத்தியார். தமிழ் நல்லாய்க் கதைப்பார். ஆனா என்ர யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டிட்டு முதல்நாளே "நீங்க கேரளாவா?" எண்டார். இது புதுசில்லை. அல்சூரில திரும்பின பக்கமெல்லாம் தமிழ்தான். ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலைகூட இருக்கு, 18 வருசம் மூடியே வைச்சிருந்து 2009 இலதான் திறந்தவை. அப்படியிருந்தும் நான் வாயைத் திறந்தா மரக்கறிக்காரி தொடக்கம் எல்லாருக்கும் நான் மலையாளிதான். முதல் முதல் விளங்கப்படுத்தினனான், இப்ப "ஓம்" எண்டிட்டுக் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வாறன்.

லேத்துக்கு முன்னால நிண்ட முதல்நாள் ஒரு பகிடி நடந்தது. 1990 இல கரண்ட் நிண்டாப் பிறகு நானும் அண்ணையும் மாறி மாறிக் கயிறு இழுக்க நீங்கள் தொட்டில் கால் கடைஞ்சது ஞாபகம் இருக்கோ? ஒரு பக்கம் இழுக்க மரம் உங்களைப் பாத்துச் சுத்தும், உளியை வைப்பியள். மற்றப் பக்கம் இழுக்கத் திருப்பிச் சுத்தும், உளியை எடுப்பியள். மோட்டார் ஒரே பக்கம்தான் சுத்தும், உளியை எடுக்கவே தேவையில்லை. என்ர கை என்னடாவெண்டால் வைச்சு எடுத்து, வைச்சு எடுத்து. கயிறு இழுத்த கைக்கு அந்தத் தாளம் மட்டும் தெரிஞ்சிருக்கு. மேஷ்ட்ரு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "உங்க வீட்டுல யாரு கடைசல்?" எண்டு கேட்டார். 95 இல இடம்பெயரேக்க, கயிறு இழுத்துச் சுத்திற அந்தக் கடைச்சல் மரத்தை விட்டிட்டு வந்ததையும் சொன்னன். ஒண்டும் பறையேல்லை, தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

மரம் காசு குடுத்து வாங்கிறேல்லை. மே மாதம் அடிச்ச காத்து மழையில எங்கட ஒழுங்கையில ஒரு மழைமரம் சரிஞ்சுது. இஞ்ச உள்ள தமிழ் ஆக்கள் தூங்குமூஞ்சி மரம் எண்ணுவினம், பின்னேரம் இலையெல்லாம் மூடிடும். வெட்ட வந்தவையிட்டக் கேட்டு ரெண்டு துண்டு எடுத்தன். உள்ளுக்கு வயிரம் கடும் மண்ணிறம், வெளி ஓரம் வெளிர் மஞ்சள், சரியான வடிவு. பச்சை மரம் கடையேக்க தண்ணி சீறி முகமூடிக் கண்ணாடியில அடிக்குது ஐயா. சீவல் நாடா மாதிரிச் சுருண்டு சுருண்டு தோளில வந்து விழும். துண்டு வட்டமாகும் மட்டும் டக் டக் எண்டு உளியில இடிக்கும், பிறகு சத்தம் சீராகி ஒரு இரைச்சலாய் வரும். அந்த இடத்தில எனக்குத் தலைக்கனம் வந்திட்டுது. உளியின்ர சரிவை முதல் மரத்தில படவிட்டு, பேந்துதான் பிடியை மெல்லத் தூக்கி வாயை வெட்ட விடவேணும். நான் வாயை நேரை குடுத்தன். உளி கடிச்சு, கிண்ணம் அதைப் பிடிச்சிருக்கிற சக்கிலயிருந்து கழண்டு வந்து முகமூடியில அடிச்சுது. அம்மா பயப்பட வேண்டாம், ஒண்டும் இல்லை.

ஒருமாதிரித் திருப்பிக் கொழுவி முடிச்சு, கெதியாக் காயட்டும் எண்டு வீட்டில பேனுக்குக் கீழ வைச்சன். ரெண்டாம் நாள் இரவு "டிக்" எண்டு ஒரு சத்தம். விடிய எழும்பிப் பாத்தா விளிம்பிலயிருந்து அடி மட்டும் வெடிப்பு, வட்டக் கிண்ணம் முட்டை மாதிரி நீண்டு போச்சு. மரத்தின்ர நடுப்புள்ளியை வெட்டி எறியாமல் அப்படியே விட்டதும் பிழையாம். வளையத்தின்ர சுற்றுவாக்கில மரம் சுருங்கிறது நடுவைப் பாத்துச் சுருங்கிறதைப்போல ரெண்டு மடங்கு வருமாம், பிறகெப்படி வெடியாமல் இருக்கும்? 10 அங்குலக் கிண்ணமெண்டா முதல் 1 அங்குலத் தடிப்பில கடைஞ்சு, அதின்ர சீவலோடயே கடதாசிப் பையில போட்டு மாதக்கணக்கில விட்டிட்டு, நிறை குறையிறது நிண்டாப் பிறகுதான் திருப்பிக் கடையவேணும். இப்ப குசினித் தராசில கிழமைக்கு ஒருக்கா ரெண்டாவது கிண்ணத்தை நிறுக்கிறன். அறைத் தோழன் என்னை விசரன் எண்டு நினைக்கிறான்.

கெதியாக் காஞ்சு வெடியாமல் இருக்க மேஷ்ட்ரு துண்டுகளின்ர வெட்டுமுகத்தில மெழுகு பூசேக்கதான் எங்கட மாட்டுக்கொட்டில் நினைவு வந்தது. பலகையளின்ர தலைப்பில சாணி அப்பி வருசக்கணக்கில அடுக்கி வைச்சிருப்பியள். வேலை செய்யப் பஞ்சியில போட்டு வைச்சிருக்கிறியள் எண்டு நான் அம்மாட்டச் சொன்னது. ஏன் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை, நீங்களும் சொல்லேல்லை.

போன மாதம் சென்னபட்டணா பாக்கப் போனன், இஞ்சயிருந்து 60 கிலோமீற்றர். அவை பொம்மை கடையிறது ஆலெ மரத்தில, எங்கட வெப்பாலை. வெள்ளை வெளேரெண்டு இருக்கும். சுத்துற மரத்தில கலர் அரக்குக் குச்சியைப் பிடிக்க, அந்தச் சூட்டிலயே உருகி ஒட்டுது. பிறகு தாழை ஓலையால தேய்க்கப் பளிங்கு மாதிரி மினுங்குது. நீங்கள் பாக்கவேணும்.

சிநேகிதன் ஒருத்தன் அடுத்த கிழமை சென்னையால பலாலிக்கு வாறான். அவனிட்ட அந்த வெடிச்ச கிண்ணத்தைக் குடுத்து விடுறன். நல்லதை அனுப்பினா நீங்கள் தடவிப் பாத்திட்டு அலுமாரியில வைச்சிடுவியள். வெடிச்சதெண்டாத்தான் போன் எடுத்துக் கதைப்பியள். அம்மாவுக்குச் சொல்லுங்கோ, அதுக்க சொதி விடேலாது.

மற்றது, கிணத்தடியில தறிச்சுப் போட்ட பூவரசங்குத்தி இன்னும் கிடக்கோ? விறகுக்குக் குடுத்துப்போடாதேங்கோ. தைப்பொங்கலுக்கு வருவன். அதுக்குள்ள தலைப்பில கொஞ்சம் சாணி அப்பி விடுங்கோ.

அன்பு மகன்