கள ஆய்வு இல்லாத கொள்கை ஆய்வு

அரசுத் துறைகளில் கொள்கை ஆலோசகர்களை ஒப்பந்த அடிப்படையில் நியமிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கம் காலத்துக்கு ஏற்றது. அரசின் திட்டங்கள் மக்களிடம் எப்படிச் செயல்படுகின்றன என்று ஆராயும் கொள்கை ஆய்வு நேற்று முளைத்த தொழில் அல்ல. முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 1952இல், மத்தியத் திட்டக் குழுவின் கீழ் திட்ட மதிப்பீட்டு அமைப்பு உருவாக்கப்பட்டு, சமுதாய வளர்ச்சித் திட்டம் கிராமங்களில் எப்படி நடக்கிறது என்பதை அதன் அலுவலர்கள் நேரில் ஆராய்ந்தனர். இன்று அப்பணியில் கணிசமான பங்கு ஆலோசனை நிறுவனங்களிடமும், பொதுக் கொள்கையில் பட்டம் பெற்ற இளைஞர்களிடமும் சென்றிருக்கிறது. அவர்களது புள்ளியியல் திறமை முந்தைய தலைமுறைக்கு வாய்க்காதது, மனமார வரவேற்கிறேன். ஆனால், அறிக்கையை முடிக்க அவர்களுக்குத் தரப்படும் குறுகிய கெடுவில், துறை அனுப்பும் தரவுகளைத் தாண்டிச் சென்று பார்க்க நேரமே இருப்பதில்லை.

நான் புள்ளியியல் பணியில் இருந்தபோது, ஒரு கிராமத்தின் கைப்பம்புக்கு எதிரே பதிவேட்டில் 'செயல்படுகிறது' என்று இருந்தது. பம்பு செயல்பட்டதும் உண்மைதான்; தண்ணீர் உப்பாக இருந்ததால் பெண்கள் அதில் பாத்திரம் மட்டும் கழுவிவிட்டு, குடிநீருக்குப் பக்கத்து ஊருக்குக் குடத்துடன் நடந்தார்கள். எந்தக் கணினியும் அந்தப் பதிவேட்டிலிருந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனவே, ஆலோசகர்களுடனான ஒப்பந்தத்திலேயே களப்பணிக்கான காலத்தையும் செலவையும் தனியே ஒதுக்கி, இறுதி அறிக்கையைத் தமிழில் துறையின் இணையதளத்தில் வெளியிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர், திருச்சி