நீ போன் பண்ணின ராத்திரி

மணக்குடி,
செப்டம்பர் 9

மக்கா,

மஸ்கட்டிலிருந்து வந்து பத்து நாளாகிறது. பேரீச்சம்பழம் பொதிந்து வைத்திருக்கிறேன். ஆனால் ஆமைக் கதையைப் போனில் சொன்னால் சரிப்படாது.

மகன் காரில் சூர் வழியாக, ஓமானில் ஆமை ஏறி முட்டையிடும் ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். சூரில் இன்னும் மரத்தில் கப்பல் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் பலகை நம்ம மலபார் தேக்குதானாம். அதைத் தாண்டினால் வெறும் பாறை, ஒரு மரம் கிடையாது. அரேபியாவின் கிழக்குக் கோடி, சூரியன் முதலில் உதிப்பது இங்கேதான் என்று பெருமை வேறு. கன்னியாகுமரிக்காரனிடமா!

ஒன்பது மணிக்கு மேல் கும்பல் கும்பலாகக் கடற்கரைக்கு விட்டார்கள். டார்ச் அடிக்கக்கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். வழிகாட்டி மட்டும் மங்கலாக ஒரு விளக்கு வைத்திருந்தான். குழிக்குள் பேராமை. ஓடு மட்டும் மூன்றடிக்கு மேல் இருக்கும். பின்துடுப்பைக் கை மாதிரிக் குவித்து, ஒரு பிடி மண்ணை அள்ளி, சிந்தாமல் ஓரத்தில் வைக்கிறது. பிறகு மற்றத் துடுப்பு. நம்ம ஊரில் கிணறு வெட்டுகிறவன்கூட இவ்வளவு நிதானமாக வெட்டமாட்டான். அப்புறம் முட்டை, ரெண்டும் மூணுமாக, பிசுபிசுவென்று, பிங்பாங் பந்து கணக்காக. ஒரு தடவைக்கு நூறு போல இடுமாம். கண்ணிலிருந்து வடிவது அழுகையில்லை, உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றுகிறது.

எனக்குப் பாட்டா காலத்துக் கரைதான் ஞாபகம் வந்தது. மல்லாக்கப் போட்ட ஆமை துடுப்பை அடித்துக்கொண்டே கிடக்கும். நாம ரெண்டுபேரும் கறிக்குச் சட்டி கொண்டுபோய் வரிசையில் நிற்கவில்லையா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்தாச்சு. நம்ம கரைக்கு வந்துசேரத்தான் அத்தனை வருஷம். அதே 1972-ல்தான் ஓமானில் ஓரிக்ஸ் மானின் கடைசிக் கூட்டத்தையும் வேட்டையாடித் தீர்த்தார்களாம். வளர்த்து மறுபடி பாலைவனத்தில் விட்டது 1982-ல். அதைப் பார்க்கப் போக நாள் போதவில்லை.

இனிதான் விஷயம். இன்னொரு ஆமை தண்ணீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. பத்தடி வரும், மூச்சு வாங்கும், மறுபடி பத்தடி. அப்போது என் சட்டைப்பையில் வெளிச்சம். போனை அணைக்க மறந்திருக்கிறேன். நீதான் கூப்பிட்டாய்! நம்ம ஊரில் மணி பதினொன்று, உனக்குத்தான் உறக்கம் கிடையாதே. நான் தடவி அணைப்பதற்குள் ஆமை அரைவட்டம் அடித்துத் திரும்பிக் கடலுக்கே போய்விட்டது. வழிகாட்டி என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு வரும்" என்றான். திட்டியிருக்கலாம். மகன்தான் கார் ஏறும்வரை பேசவில்லை.

இங்கே வந்து ராத்திரி கடற்கரைக்குப் போனேன். ஹைமாஸ்ட் விளக்கு பகல் மாதிரி எரிகிறது. குஞ்சு பொரித்தால் கடலை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துத்தான் ஓடும். சீசனிலாவது அதை அணைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன், உன் கையெழுத்தும் வேண்டும்.

தை, மாசியில் நம்ம பக்கம் சிற்றாமை ஏறும். லீவு சொல்லிவிட்டு வா. போனை வீட்டில் வைத்துவிட்டு வா, லே.

உன் கூட்டுக்காரன்