செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் அங்கத்தவர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தையில் எமது ஞாயிறு சதுரங்க வகுப்புகள் ஆண்டு முழுவதும் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். விரிவாகப் பேச வேண்டியது, எமது பிள்ளைகள் கறுப்பில் ஆடும் சிசிலியன் டிராகன் தற்காப்பைப் பற்றித்தான். வெள்ளையின் ஈ4 சிப்பாய்க்குச் சி5 சிப்பாயால் பதில் சொல்லி, பிஷப்பை ஜி7இல் வைக்கும் ஆட்டத் தொடக்கம் அது. (கட்டத்தின் பெயரில் எழுத்து நிரலையும் எண் வரிசையையும் குறிக்கும்.)

சங்கச் சுற்றுப்போட்டியின் இறுதிச் சுற்று, முதலாம் மேசை. வெள்ளை ராணிப் பக்கம் காஸ்லிங் செய்து (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி) எச் நிரல் சிப்பாயைத் தள்ளியது. கறுப்பு ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு பிஷப்பை வெட்டி, கோட்டையைச் சி4இல் நிறுத்தியது. எச்5இல் ஒரு சிப்பாயையும் எடுத்தது. 16ஆவது நகர்த்தலில் வெள்ளை டி4 குதிரையை ஈ2க்கு இறக்கியது. கறுப்பு உடனே கோட்டையால் சி3 குதிரையை வெட்டியது. தவறு அங்கேதான். பி சிப்பாயால் திருப்பி வெட்ட நேர்ந்தால் வெள்ளை ராஜாவின் வேலி சிதறும். அதற்காகத்தான் குதிரைக்காகப் பெறுமதி கூடிய கோட்டையைக் கொடுக்கும் அந்தத் தியாகம். இங்கே ஈ2 குதிரையே சி3இல் வந்து அமர்ந்தது. சிப்பாய்கள் குலையவில்லை, எச் நிரலோ வெள்ளைக்குத் திறந்தே கிடந்தது. அடுத்து வெள்ளைப் பிஷப் எச்6க்கு வந்ததும், கறுப்பு ராஜாவின் அருகேயுள்ள எச்7ஐக் காக்க ராஜாவைத் தவிர எஃப்6 குதிரை மட்டுமே மிஞ்சியது.

1974இல் மொஸ்கோவில் சோவியத் வீரர் கார்ப்போவ் சக வீரர் கோர்ச்னோயை 27 நகர்த்தல்களில் வென்ற ஆட்டமும் இதே நிலையிலிருந்து பிறந்ததுதான். கோர்ச்னோய் சி3இல் வெட்டவில்லை. ஆனால் கார்ப்போவ் டி3இல் கோட்டையை வைத்துச் சி3ஐக் காத்து, ஈ2 குதிரையைத் தாக்குதலுக்கு விடுவித்தார். வகுப்பில் நிதானமாகப் பார்க்க வேண்டிய நகர்த்தல் அது.

இளையோர் பிரிவில் வேறொரு பிழை. ஈ3க்கு வெள்ளைப் பிஷப் வந்தவுடன் 6ஆவது நகர்த்தலிலேயே குதிரையை ஜி4க்குப் பாய்ச்சுகிறார்கள். வெள்ளைப் பிஷப் பி5இலிருந்து செக் வைக்கும். டி7இல் பிஷப்பால் மறைத்தால் அது ராஜாவோடு கட்டுண்டு, ஜி4ஐக் காக்க அசைய முடியாமல் போகும். ராணி ஜி4 குதிரையைச் சும்மா எடுத்துவிடும். முதலில் ஜி7இல் பிஷப்பை வையுங்கள்.

இதற்காக டிராகனைக் கைவிடச் சொல்லவில்லை. 1995 உலகப் பட்டப் போட்டியின் 11ஆவது ஆட்டத்தில் ஆனந்தை வெல்லக் காஸ்பரோவ் எடுத்ததும் இதே தற்காப்பைத்தான். நகர்த்தலை மனனம் செய்யும் பிள்ளைக்கு அதன் காரணத்தையும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே வரும் ஆண்டில் ஒவ்வொரு வகுப்பின் முதல் அரை மணி நேரத்தையும் சி3 தியாக நிலைகளுக்கு ஒதுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தோற்ற ஆட்டங்களின் குறிப்புத் தாள்களையும் பிள்ளைகள் தவறாமல் ஒப்படைக்க வேண்டும்.

கௌரவ செயலாளர்