எக்ஸ்ரே மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லாண்டுகள் பீடி, சிகரெட் புகைத்தவர்கள்கூட, நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலே நுரையீரலில் குறையில்லை என்று நம் கொங்குப் பகுதியில் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். கடுமையாகப் புகைத்த 53,000-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 விழுக்காடு குறைந்தன. காசநோய்த் தழும்பும் ஸ்கேனில் கட்டிபோலத் தோன்றக்கூடும் என்பதால், எல்லோருக்கும் எடுப்பது வீண் அச்சத்தையே விளைவிக்கும். ஆகவே, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகள் புகைத்த, 50 வயது கடந்தவர்களுக்கு மட்டும், இருமலில் இரத்தம் வரும்வரை காத்திராமல், கோவை, ஈரோடு அரசு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் இப்பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்யவும், புகையை நிறுத்தும் ஆலோசனையை அங்கேயே வழங்கவும் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.